ஆல்பேட்டையில் கேட்கப்பட்ட கேள்வி

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வந்து போகிறவர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச்சாவடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு புதுச்சேரி நர்சரி ஒன்றில் வாங்கிய நெப்பந்தஸ் என்ற குடுவைச் செடியை அட்டைப் பெட்டியில் நிறுத்தி, ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வந்தபோது, காவலர் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மது பாட்டிலை எதிர்பார்த்தவருக்கு, இலை நுனிகளில் மூடியோடு தொங்கிய ஏழெட்டுக் குடுவைகளும் அவற்றில் கால்வாசி நிறைந்திருந்த நீரும் கண்ணில் பட்டன. செடி தானே சுரக்கும் நீர் அது, எறும்பு விழுந்தால் செரித்துவிடும் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "பில் இருக்கா சார்?" என்றார். இருந்தது, காட்டினேன்.

பூச்சியுண்ணும் செடிகளைப் பத்தாண்டுகளாக வளர்த்து வருகிறேன். அந்தக் கேள்வியை இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் நண்பர்கள் யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை என்பதை இன்று சொல்லியே ஆக வேண்டும். குடுவை எவ்வளவு பெரியது, எத்தனை ரூபாய், கூரியரில் வாடாமல் வந்ததா என்றெல்லாம் கேட்போம். இந்தச் செடி எந்தத் தாய்ச்செடியிலிருந்து, யார் கையால், எப்படிப் பெருக்கப்பட்டது என்று மட்டும் கேட்க மாட்டோம். நானும் கேட்காதவன்தான். அதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019-ல் இணையத்தில் ஒருவர் "முதிர்ந்த மேகாலயா குடுவைச் செடி" என்று படம் போட்டிருந்தார். தொள்ளாயிரம் ரூபாய். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனமான நெப்பந்தஸ் காசியானா அது. மேகாலயாவின் காசி, காரோ, ஜெயந்தியா மலைகளைச் சேர்ந்தது. காரோ மக்கள் அதை "மேமாங் கோக்சி", அதாவது பேயின் கூடை என்பார்கள். அந்தப் பெயரிலேயே மயங்கி, வேறு எதுவும் கேட்காமல் பணம் அனுப்பினேன். ஆறாம் நாள் செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலம் வந்தது. அடித்தண்டு கட்டைவிரல் பருமனில் மரத்துப்போயிருந்தது. மேலே கொடியாக ஓடிய பகுதியை அரிவாளால் ஒரே வெட்டில் நறுக்கியிருந்தார்கள். கீழிலைகளில் பூச்சி அரித்த பழைய ஓட்டைகளும் சாம்பல் நிறப் பாசிப் படலமும் இருந்தன. வேர்களில் நர்சரிக்காரர்கள் தொட்டியில் நிரப்பும் பீட் மாஸோ பெர்லைட்டோ ஒரு துகள்கூட இல்லை. காய்ந்த மலைமண் கட்டியாக ஒட்டியிருந்தது. மெல்லிய, கறுத்த, தொட்டால் ஒடியும் அந்த வேர்களில் பாதி அறுந்தே வந்திருந்தது. நர்சரியில் பிறந்த செடிக்கு இப்படிப்பட்ட கடந்த காலம் இருக்காது. மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. ஒரு புதிய குடுவைகூட வைக்காமல் செத்தது.

நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதை பிடிக்க வேண்டுமானால் இரண்டும் அருகருகே, ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். ஒரு சரிவில் பூக்கும் வயதுக்கு வந்த பத்துச் செடிகள் இருந்து, அவற்றில் நாலைந்தைப் பெயர்த்துவிட்டால், மிச்சமிருப்பவை உயிரோடு இருந்தும் மலடாகிவிடக்கூடும். "முதிர்ந்த செடி" என்று நாம் ஆசையோடு தேடுவது, காட்டுக்கு மிகவும் தேவைப்படும் அதே செடியைத்தான்.

அது செத்த பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தாவரங்களுக்கென்று தனி அத்தியாயம் 1991 திருத்தத்தில் சேர்ந்தது. ஆறாம் அட்டவணையில் அப்போது இடம்பெற்ற ஆறு வகைத் தாவரங்களில் இந்தக் குடுவைச் செடியும் ஒன்று. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. காட்டிலிருந்து பறிப்பது மட்டுமல்ல, உரிமம் இல்லாதவரிடம் வாங்குவதும், தலைமை வன உயிரினக் காப்பாளர் தரும் உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் குற்றம். ஆகவே 2019-ல் நான் ஏமாந்த வாடிக்கையாளன் மட்டும் அல்லன். சட்டத்தின் கண்ணில் குற்றத்தின் மறுமுனையில் நின்றவன். விற்றவரைத் திட்டுவதற்கு எனக்கு இருக்கும் உரிமை மிகக் குறைவு.

அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களை நாடுகளுக்கு இடையே வணிகம் செய்வதைக் கட்டுப்படுத்த 'சைட்டீஸ்' உடன்படிக்கை இருக்கிறது. 1973-ல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-ல் சேர்ந்தது. அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் நெப்பந்தஸ் இனங்களில் இரண்டுதான் உள்ளன: நம்முடைய காசியானாவும், போர்னியோவின் கினபாலு மலைப்பகுதியில் வளரும் ராஜாவும். மற்ற நெப்பந்தஸ் இனங்கள் அனைத்தும், இலையை மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப்பும் இரண்டாம் பட்டியல். இரண்டாம் பட்டியல் என்றால் அழிவு அபாயம் குறைவு என்று நண்பர்கள் சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். கலிமந்தானில் கெலாம் என்ற ஒரேயொரு பாறைமலையில் மட்டும் வாழும் நெப்பந்தஸ் க்ளிப்பியேட்டாவும் இரண்டாம் பட்டியலில்தான் இருக்கிறது; சேகரிப்பாளர்கள் அதை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டார்கள். பட்டியல் எண், காகித வேலை எவ்வளவு என்பதைச் சொல்லும். செடியின் நிலைமையைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் சைட்டீஸ் அனுமதி, அந்நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழ், நம் பக்கத்தில் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி முன்கூட்டியே பெற்ற இறக்குமதி அனுமதி, வந்திறங்கும் இடத்தில் ஆய்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். இரண்டு செடிக்காக இத்தனையுமா என்றால், ஆமாம், செலவு செடியின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் பத்துப் பேர் சேர்ந்து ஒரே அனுமதியில், அந்த நடைமுறை தெரிந்த நர்சரி வழியாக வரவழைப்பது புத்திசாலித்தனம். நமக்குப் பக்கத்திலேயே இலங்கையில் திசு வளர்ப்பு முறையில் நெப்பந்தஸ் பெருக்கி உலகெங்கும் அனுப்பும் நிறுவனம் இருக்கிறது. அரிய இனங்கள்கூட ஆய்வகக் குடுவையில் பிறந்த கன்றுகளாகக் கிடைக்கின்றன.

செடி வளர்ப்போரின் குழுக்களில் அடிக்கடி பகிரப்படும் ஒரு யோசனையை இங்கே கண்டித்தாக வேண்டும். "விதைக்கு சைட்டீஸ் கிடையாது, வாழ்த்து அட்டைக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்" என்கிறார்கள். இரண்டாம் பட்டியல் நெப்பந்தஸின் விதைக்கு உடன்படிக்கையில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் தொற்றுத்தடை ஆணை வேறு சட்டம்; அது விதைக்கும் பொருந்தும். ஒன்றிலிருந்து கிடைத்த விலக்கை மற்றொன்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வது, ரேஷன் அட்டையைக் காட்டி ரயிலில் ஏறுவதைப் போன்றது.

அத்தனை பாடுபட்டு வரவழைத்தாலும் அது நம் ஊரில் பிழைக்குமா என்பது அடுத்த கேள்வி. ராஜாவுக்குக் குளிர்ந்த மலை இரவு வேண்டும். மஞ்சக்குப்பத்து மாடியில் அது வெந்துபோகும். ஃப்ளைட்ராப்புக்குக் குளிர்காலத்தில் சில மாத உறக்கம் வேண்டும். நம் மார்கழி அதற்குப் போதாது. நான் கொன்ற மூன்று ஃப்ளைட்ராப்புகளும் திசு வளர்ப்பில் பிறந்தவை, ரசீதோடு வந்தவை என்பது சிறு ஆறுதல். சமவெளி நெப்பந்தஸ்களும், ஆல்பேட்டையில் பிடிபட்ட வென்ட்ராட்டா என்ற கலப்பினமும் இங்கே செழிக்கின்றன. தண்ணீர்தான் எதிரி. என் வீட்டு போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஆயிரத்து நூறைத் தாண்டுகிறது. ஃபெங்கல் புயலின்போது, 2024 நவம்பர் 30 அன்று, டிரம்மில் பிடித்த மழைநீர் பன்னிரண்டு காட்டியது. தொட்டியில் நிரப்பும் தென்னைநார்த் தூளான கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். ஐந்தாறு முறை அலசாமல் பயன்படுத்தாதீர்கள்.

சட்டத்தின்மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. போர்னியோ இனங்களின் கலப்பினங்களை யாரும் எளிதாக வாங்கி வளர்க்க முடிகிறது. நம் நாட்டுச் செடியான காசியானாவை, விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ நேர்மையாகப் பெருக்கிய கன்றாக இருந்தாலும், ஒரு தொட்டியில் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டியிருக்கிறது. அதை ஆய்வகத்தில் பெருக்கும் முறை நம் நாட்டிலேயே உருவாகியிருக்கிறது. அப்படிப் பிறந்த கன்றுகளை எண்ணிட்ட சீட்டோடு, தாவரவியல் பூங்காக்கள் வழியாகக் குறைந்த விலைக்கு விற்றால், அரிவாளோடு மலை ஏறுகிறவனின் சந்தை சரியும் என்று நம்புகிறேன். முதலில் கன்றுகள் தாராளமாகக் கிடைக்க வேண்டும், பிறகே கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்போரின் பேச்சிலும் நியாயம் உண்டு. வரிசை மாறினால் காட்டுச் செடிக்கே சீட்டு ஒட்டி விற்பார்கள். அதுவரை எனக்குக் காசியானா வேண்டாம்.

இன்னொன்று, நம் மண்ணைச் சேர்ந்தது. சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்று சொல்லப்படும் பூச்சியுண்ணும் செடியான ட்ரோசீரா, மழைக்குப் பிறகு செம்மண் ஈரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் சிவந்து படர்ந்திருக்கும். ஒவ்வொரு இலை முடியிலும் ஒரு பசைத்துளி. சைட்டீஸ் பட்டியலில் அது இல்லை. அதனாலேயே அதை மண்ணோடு பெயர்த்துப் படம் போடுகிறார்கள். ஓராண்டில் பூத்து, பொடிப்பொடியாக விதை உதிர்த்து, முடிந்துபோகும் செடி அது. நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, காய்ந்த பூத்தண்டு ஒன்றைத் தாளில் தட்டினால் ஒரு தட்டு நிறைய முளைக்கும்.

ஆவணியில் கவாத்து செய்த என் வென்ட்ராட்டாவின் தண்டுகளில் பதினொன்று வேர்விட்டிருக்கின்றன. கடலூர், புதுச்சேரி நண்பர்கள் உள்பெட்டியில் சொல்லிவிட்டு வந்து பெற்றுக்கொள்ளலாம், விலை இல்லை. மழைநீர் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. தாய்ச்செடியின் ரசீது நகலையும் சேர்த்தே தருகிறேன், ஆல்பேட்டையில் யாராவது கேட்டால் காட்டுங்கள்.