மரீனோவுக்கு மோதிரம் இல்லை. சரி, அப்புறம்?

வெள்ளிக்கிழமை ராத்திரி நம் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்த குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் மயாமி டால்பின்ஸ் அணிக்கு ஆடிய டேன் மரீனோ பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். "மோதிரம் இல்லாத ஆளுக்கு இங்கே என்ன வேலை?" என்று பதில் வந்தது. அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு. மோதிரம் என்பது சூப்பர் பவுலை, அதாவது சீசனின் இறுதிப் போட்டியை, ஜெயித்தவர்களுக்குக் கிடைப்பது. அங்கேயே பதில் எழுதியிருந்தால் வார்த்தை தடித்திருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மனுஷன் 17 சீசன் ஆடியதை, அவர் ஆடிய ஒரே ஒரு சூப்பர் பவுலை வைத்து எடை போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

அந்த ஆட்டம் நடந்தது 1985 ஜனவரி 20. சான் பிரான்சிஸ்கோ 38, மயாமி 16. மரீனோவுக்கு அப்போது வயது 23. அன்று டால்பின்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியது மொத்தமே 9 முறை, கிடைத்தது 25 யார்டு. எதிரணி ஓடியே 211 யார்டு எடுத்தது. மரீனோ 50 முறை எறிந்தார். அடுத்து வரப்போவதும் எறிதான் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு ஒரு குவார்ட்டர்பேக் என்ன செய்ய முடியும்? அந்தத் தோல்வி அவருடையது மட்டும்தானா?

அந்த 1984 சீசனை முழுசாகப் பாருங்கள். மரீனோ எறிந்து எடுத்தது 5,084 யார்டு, 48 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது). அதுவரைக்கும் ஒரே சீசனில் யாரும் 36 டச்டவுனுக்கு மேல் எறிந்ததில்லை. இவர் ஒரேயடியாக 12 கூட்டினார். 5,000 யார்டைத் தொட்ட முதல் ஆளும் இவர்தான். டச்டவுன் சாதனையை 2004இல் பெய்டன் மேனிங் ஒன்றே ஒன்று கூட எறிந்து முறியடித்தார். யார்டு சாதனை 2011 வரைக்கும் நின்றது.

"இப்போதெல்லாம் 5,000 யார்டு சாதாரணமாகிவிட்டது" என்பார்கள். ஆகட்டுமே. இன்று பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை யாராவது உரசினாலே தவறு என்று நடுவரின் கொடி விழுகிறது. குவார்ட்டர்பேக்கை எப்படித் தொடலாம், எங்கே தொடக் கூடாது என்று பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. 1984இல் அந்தப் பாதுகாப்பெல்லாம் ஏது? முழங்காலில் கட்டுப்போட்டுக்கொண்டு, ஓடவும் முடியாமல், நின்ற இடத்திலிருந்தே எறிந்தவர் அவர். பந்து காதுக்குப் பக்கத்தில் இருக்கும். கை பின்னால் போகிறதா இல்லையா என்று நாம் யோசிப்பதற்குள் பந்து கிளம்பிவிட்டிருக்கும். அந்த வேகத்தை எந்தப் புள்ளிவிவரத்திலும் எழுத முடியாது.

"பிளேஆஃப் நாக்-அவுட் ஆட்டங்களில் 8 வெற்றி, 10 தோல்வி" என்று அடுத்த ஆள் வருவார். தெரியும் ஐயா, எனக்கும் எண்ணத் தெரியும். ஆனால் அது அணியின் கணக்கு. 1986 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக மரீனோ 448 யார்டு, 6 டச்டவுன் எறிந்தார். ஆறு! அந்த ஆட்டத்தில் மயாமி 51-45 என்று தோற்றது. ஆறு டச்டவுன் போட்டும் ஜெயிக்க முடியாத அணியில் அவர் இன்னும் என்னதான் செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய் டிஃபென்ஸிலும் நின்றிருக்க வேண்டுமா?

டென்வர் அணியின் குவார்ட்டர்பேக் ஜான் எல்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் 1983 டிராஃப்ட் (அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஆட்கள். எல்வே முதல் ஆளாகப் போனார், மரீனோ 27ஆவது. எல்வே மூன்று சூப்பர் பவுலில் தோற்றார். அப்போது அவரையும் இப்படித்தான் பேசினார்கள். டெரல் டேவிஸ் என்ற ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்) டென்வருக்கு வந்தார், அப்புறம் வரிசையாக இரண்டு மோதிரம். மரீனோவோடு ஆடியவர்களில் ஒரு சீசனில் ஓடி 1,000 யார்டு தாண்டியவர் ஒரே ஒருவர், கரீம் அப்துல் ஜப்பார், அதுவும் 1996இல். மோதிரம்தான் அளவுகோல் என்றால் 2001 ஜனவரியில் பால்டிமோர் அணிக்கு ஆடி சூப்பர் பவுல் ஜெயித்த ட்ரென்ட் டில்ஃபரை மரீனோவுக்கு மேலே வையுங்கள். வைப்பீர்களா? ஜெயித்த கையோடு அந்த அணியே அவரை விட்டுவிட்டது.

நான் 90களில் தெற்கு ஃபுளோரிடாவுக்கு வந்தவன். இந்த ஆட்டத்தில் தலையும் புரியாது, காலும் புரியாது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு கியூபாக்காரர், திங்கட்கிழமையானால் மரீனோவின் 13ஆம் எண் பனியனோடு வருவார். அவர்தான் காகிதத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். 1994 நவம்பர் ஜெட்ஸ் ஆட்டத்தை அவர் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தேன். 24-6 என்று பின்தங்கியிருந்த அணி ஏறி வந்துவிட்டது. கடைசி அரை நிமிஷம், எல்லைக்கோட்டுக்கு எட்டு யார்டு. கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிக்கப் போகிறேன் என்று மரீனோ கையைக் காட்டிக் கத்துகிறார். ஜெட்ஸ்காரர்கள் அசந்து நின்றுவிட்டார்கள். பந்து தரைக்குப் போகவில்லை, மயாமியின் மார்க் இங்ரம் கைக்குப் போனது. 28-24. அந்தக் கியூபாக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அதற்கு முந்தைய வருஷம்தான் கிளீவ்லண்டில் மரீனோவின் குதிகால் தசைநாண் அறுந்தது, இனி அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே 473 யார்டு, 5 டச்டவுன். அதற்கு எந்த மோதிரமும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

மரீனோவின் மகனுக்கு ஆட்டிசம். 1992இல் அவரும் மனைவியும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதன் பெயரில் இங்கே ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு வளாகம் இருக்கிறது. பள்ளி முடித்த ஆட்டிசப் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்கிறார்கள். என் அக்கா மகன் அங்கே படித்தான். நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும், கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். அவன் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துப் பழகுவான். "சித்தப்பா மாதிரி இல்ல, மாமா, உங்க கை ஈரமா இருக்கு" என்பான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்க்காரர் கூட்டம் எதற்குப் போனாலும் ஒரே கேள்விதான். என்ன ரேங்க்? ஸ்பெல்லிங் போட்டிக்குப் போகிறானா? என்ன பரிசு வாங்கினான்? அக்கா ஒரு கட்டத்தில் கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

"அது வேறு, இது வேறு, ஆட்டத்தை மட்டும் பேசு" என்று எழுதப் போகிறீர்கள். இல்லை, எனக்கு இரண்டும் ஒன்றுதான். பரிசு வாங்காதவன் எதுவுமே செய்யாதவன் என்று நினைக்கிற புத்தி ஒன்றுதான். அது குவார்ட்டர்பேக்கையும் விடாது, எட்டு வயசுப் பிள்ளையையும் விடாது.

கடைசியாக ஒன்று. ஜாக்சன்வில்லிடம் 62-7 என்று தோற்றதுதான் அவருடைய கடைசி ஆட்டம், அதையும் கொண்டுவந்து காட்டுவீர்கள். காட்டுங்கள். ஆனால் அதற்கு முந்தைய வாரம், 38 வயசில், சியாட்டலில் போய்ப் பின்தங்கிய ஆட்டத்தை 20-17 என்று ஜெயித்தாரே, அதையும் சேர்த்துக் காட்டுங்கள். பட்டியலில் யாரை வேண்டுமானாலும் முதலில் வையுங்கள், மொன்டானாவோ பிரேடியோ, நான் சண்டைக்கு வரவில்லை. மரீனோவை வெளியே நிறுத்தாதீர்கள். 1994 ஜெட்ஸ் ஆட்டத்தின் இணைப்பு முதல் கமென்ட்டில் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.