சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது
'ஜிஐஏ சான்றிதழ் இருந்தால் போதும், ஆன்லைனில் வைரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (ஜிஐஏ என்பது வைரங்களைத் தரம் பார்த்துச் சான்று தரும் அமெரிக்க நிறுவனம்). பாதி சரி, பாதி ஆபத்து.

அந்தத் தாள் கல்லைப் பற்றியது, கடைக்காரரைப் பற்றியது இல்லை. விலை நியாயமா என்றும் அதில் இருக்காது. வந்த கல் அந்தத் தாளுக்குரியதுதானா? கேள்வியே அங்கேதான். 2021-இல் ஜிஐஏ ஆய்வகத்துக்கே அப்படிக் கற்கள் வந்தன: ஆய்வகத்தில் வளர்த்த வைரம், ஆனால் ஓரத்தில் லேசரால் பொறித்திருந்தது இயற்கை வைரம் ஒன்றின் உண்மையான அறிக்கை (அதாவது சான்றிதழ்) எண். ஜிஐஏ இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'சரி' என்றுதான் வரும்!

அதனால் எண்ணோடு நிறுத்தாதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (நகைக்கடைக்காரர்கள் கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) பொறிப்பைப் பாருங்கள். மில்லிமீட்டர் அளவு, எடை (ஒரு காரட் 0.2 கிராம்), உள்ளே இருக்கும் குறைகளின் வரைபடம் எல்லாம் அறிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். நகையில் பதித்துவிட்டால் எடை போட முடியாது, அதனால் முடிந்தவரை தனிக் கல்லாக வாங்குங்கள்.

அதற்காக ஆன்லைன் கடை என்றாலே ஏமாற்று என்று ஒதுக்கவும் தேவையில்லை. நேரில் கடை விளக்கொளியில் எந்தக் கல்லும் பளபளக்கத்தான் செய்யும் (அந்த விளக்குகளே அதற்குத்தானே). நான் முதலில் பார்ப்பது திருப்பி அனுப்பும் விதிகளை: எத்தனை நாள், பணமாகவா இல்லை அதே கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய வரவாகவா, வழியில் தொலைந்தால் காப்பீடு யார் பொறுப்பு. அந்த அவகாசத்துக்குள் கடைக்குச் சம்பந்தமில்லாத ரத்தினப் பரிசோதகர் ஒருவரிடம் கல்லைக் காட்டிவிடுங்கள்.