மூணு விசில் எங்க ஊருக்குப் பத்தாதுங்க

நேத்து பையனோட ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு "வாழ்க்கையை மாத்துன பத்து கண்டுபிடிப்பு" எழுத உக்காந்தோம். பல்பு, போன், ரயிலு, இன்டர்நெட்டுன்னு கடகடன்னு எழுதிட்டான். குக்கரும் போடுடான்னேன், சிரிக்கிறான். "அது பாத்திரம்மா, கண்டுபிடிப்பா?"ங்கறான். அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு, நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. கல்யாணமாகி ஊட்டி வந்த முதல் வாரம், குக்கர் கேஸ்கட் போயிருச்சேன்னு சட்டியிலயே துவரம்பருப்ப வேக வெச்சேன். தளதளன்னு கொதிக்குது, ஒரு மணி நேரமாச்சு, ஒன்றரை மணி நேரமாச்சு, ஒண்ண எடுத்து நசுக்கிப் பாத்தா நடுவுல வெள்ளையா அப்படியே நிக்குது. பழைய பருப்பக் குடுத்துட்டான்னு நான் கடைக்காரரத் திட்டிட்டிருக்கேன், அத்தை அடுப்படி வாசல்ல நின்னு சிரிக்கிறாங்க. "ஏம்மா, இங்க தண்ணிதான் கொதிக்கும், பருப்பு வேகாது"ன்னாங்க.

ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உசரம். மேல வர வர காத்தழுத்தம் கம்மி, அதனால தண்ணி 100 டிகிரிக்கெல்லாம் காத்திருக்காது, 92, 93லயே கொதிச்சிரும். கொதிச்சப்பறம் நீங்க என்னதான் தீய ஏத்துனாலும் சூடு அதுக்கு மேல ஏறாது, தண்ணி வத்தும், கேஸ் தீரும், அவ்ளோதான். டீ கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குடுத்தாலும் சூடே இல்லன்னு டூரிஸ்ட்டுங்க மூஞ்சியச் சுளிக்கிறதுக்கும் இதுல பங்கு இருக்கு, பாவம் டீக்கடைக்காரர்.

1835ல டார்வின் தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலையத் தாண்டுறப்ப இதே கூத்துதான். உருளைக்கிழங்கு ராத்திரி பூரா கொதிச்சும் வேகல. கூட வந்த ரெண்டு பேரு, இந்தப் புதுப் பானைக்கு கிழங்க வேக வைக்க இஷ்டமில்லன்னு முடிவே பண்ணிட்டாங்களாம்! இத அத்தைகிட்ட சொன்னா, அவங்க மாமியாரும் ஒரு சட்டிய ராசியில்லன்னு பரண்ல தூக்கிப் போட்டவங்கதானாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, டார்வினுக்கு 150 வருஷம் முன்னாடியே இதுக்கு வழி கண்டுபிடிச்சாச்சு. டெனி பாப்பின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1679ல லண்டன்ல, மூடிய இறுக்கித் திருகி ஆவிய உள்ளயே அடைச்சு எலும்பையே மெத்துன்னு வேக வெச்சுக் காட்டியிருக்காரு. ஆவி அடைபட்டா அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறுனா கொதிக்கிற சூடும் ஏறும். வெடிச்சிரக்கூடாதேன்னு சேஃப்டி வால்வு வெச்சதும் அவர்தான். (எங்க வீட்டுல ஒரு தடவ அந்த வால்வு புட்டுக்கிட்டு சாம்பார் சீலிங் வரைக்கும் போச்சு, ரெண்டு வாட்டி பெயின்ட் அடிச்சும் மஞ்சக் கறை தெரியுது. குக்கரே வெடிக்காம அதோட போச்சேன்னு பாப்பினுக்கு ஒரு கும்பிடு.) 1690ல அதே ஆவிய வெச்சு பிஸ்டன இயக்கலாம்னும் எழுதுனாரு, பின்னாடி நீராவி எஞ்சின் வந்தது அந்த வழியிலதான். மனுஷன் கடைசியில லண்டன்ல காசில்லாம செத்துப்போனாரு.

அந்த ஆவிய நம்பித்தான மலை ரயிலு 1899ல குன்னூருக்கும் 1908ல ஊட்டிக்கும் ஏறி வந்துச்சு. ஆனா எங்க வீட்டு அடுப்படிக்கு குக்கர் வந்தது 1981ல! அதுவரைக்கும் அத்தை காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, ஆடி மழையில நனைஞ்ச சீகை விறக ஊதி ஊதி, அவரைக்கொட்டை வேகறதுக்குள்ள கண்ணு ரெண்டும் செவந்து, அப்பறம் தேயிலை பறிக்கவும் போயிருக்காங்க. இந்த பத்து கண்டுபிடிப்பு லிஸ்ட் போடுறவங்க ஒருத்தராவது சீகை விறகுல பருப்பு வேக வெச்சிருப்பாங்களான்னுதான் எனக்கு டவுட்டு.

இன்னொண்ணு, யூடியூப்ல எல்லாரும் "மூணு விசில் விடுங்க"ங்கறாங்க. வெளிய அழுத்தம் கம்மியா இருக்கறதால இங்க குக்கருக்குள்ளயும் சூடு கீழ ஊரவிட சில டிகிரி கம்மிதான். எங்க வீட்டுல துவரைக்கு அஞ்சு, ராத்திரி ஊறப்போட்ட ராஜ்மாவுக்கு எட்டு. மேட்டுப்பாளையத்துல இருக்கற என் தங்கச்சி அதுக்குப் பேரு கூழுங்கறா. மலைக்காரங்க கொஞ்சம் கமென்ட்ல வாங்க, கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் எந்த ஊரா இருந்தாலும் சரி, உங்க வீட்டுல துவரம்பருப்புக்கு எத்தன விசிலு?