தொபிராவை 2.32-க்குள் அடைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். மேடையில் பேசிய அண்ணன் எந்த வார்த்தையைச் சொன்னார், அதைக் கேட்டு யார் யார் சிரித்தார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பாயசத்தைக்கூடத் தொடாமல் வந்துவிட்டேன். மூன்று நாளாக அது மனதில் கிடந்து அரிக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

"2002-ல் அந்தக் கறுப்பி குறுக்கே வராமல் இருந்திருந்தால் ஜோஸ்பன் ஜனாதிபதி ஆகியிருப்பார்." பிரான்சின் கறுப்பின அரசியல்வாதி கிறிஸ்தியான் தொபிராவைப் பற்றி அவர் சொன்னது இதுதான். பதவிக்காக ஓட்டைப் பிரித்தவர் என்றும் சொன்னார். வார்த்தைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் கணக்கு தெரிந்தவர் மாதிரித்தான் அண்ணன் பேசினார்.

2002 ஏப்ரல் 21. பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில் 16 வேட்பாளர்கள். முதல் இரண்டு பேர்தான் இரண்டாவது சுற்றுக்குப் போவார்கள். வலதுசாரி ஷிராக் 19.88 சதவீதம், தீவிர வலதுசாரி லெ பென் 16.86, பிரதமராக இருந்த சோஷலிஸ்ட் லியோனல் ஜோஸ்பன் 16.18. ஜோஸ்பனுக்கும் லெ பென்னுக்கும் இடையே இரண்டு லட்சம் ஓட்டுகூட வித்தியாசம் இல்லை. கிறிஸ்தியான் தொபிரா வாங்கியது 2.32 சதவீதம், ஆறரை லட்சம் ஓட்டுக்குக் கொஞ்சம் மேல். கழித்துப் பார்த்தால் ஜோஸ்பன் இரண்டாவது சுற்றுக்கு வந்திருப்பார், அதுவரை அண்ணன் சொல்வது சரிதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அதே பேப்பரில் மற்ற இடதுசாரிப் பெயர்களும் இருக்கின்றன. அர்லெத் லாகியே 5.72. ஷெவென்மான் 5.33. பசுமைக் கட்சியின் நோயல் மாமேர் 5.25. பெசான்ஸனோ 4.25. கம்யூனிஸ்ட் கட்சியின் ரொபேர் யூ 3.37. இந்த வரிசையில் கடைசியில் நிற்பவர்தான் தொபிரா. ஷெவென்மான் யார்? அதே ஜோஸ்பன் அரசில் உள்துறை அமைச்சராக இருந்துவிட்டு 2000-ல் விலகியவர். பசுமைக் கட்சிக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் அந்த அரசில் அமைச்சர்கள் இருந்தார்கள். இவர்கள் ஒவ்வொருவரையும் எடுத்துவிட்டுக் கழித்தாலும் இதே விடைதான் வரும். அப்படியிருக்க, இருபது வருடத்துக்கும் மேலாக ஏன் ஒரே ஒரு பெயர் மட்டும் வாயில் வருகிறது? மாமேர் கவிழ்த்தார் என்று எந்தக் கல்யாணப் பந்தியிலாவது யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

ஜோஸ்பன் பக்கத்துத் தவறையும் பேச வேண்டும். தன் திட்டம் சோஷலிசத் திட்டம் அல்ல என்று பிரச்சாரத் தொடக்கத்தில் அவரே சொன்னார். வாரம் 35 மணி நேர வேலை, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் கொண்டுவந்த மனிதர்தான், நான் அவரை மதிக்கிறேன். ஆனால் முதல் சுற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எடுத்துக்கொள்ளவில்லை, கட்சி எடுத்துக்கொள்ளவில்லை, நாமும் எடுத்துக்கொள்ளவில்லை.

நாம் என்று சும்மா எழுதவில்லை. அன்று நூற்றுக்கு 28 பேர் ஓட்டுப் போடவில்லை. அந்த 28-க்குள் என் வீடு இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை. என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. புறநகரில் மண்டபம் பிடித்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு. "இரண்டாவது சுற்று இருக்கிறதே, அப்போது போட்டுக்கொள்ளலாம்" என்றுதான் எல்லோரும் சொன்னோம். வீட்டில் அப்பா, நான், என் கணவர், கொழுந்தனார், ஆக நான்கு ஓட்டு. திரும்பி வந்தபோது வாக்குச்சாவடி அடைக்கிற நேரம் ஆகிவிட்டது. அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டார். எட்டு மணிக்குத் திரையில் இரண்டு முகம் வந்தது. ஷிராக், பக்கத்தில் லெ பென். அப்பா கையில் தாம்பூலப் பை அப்படியே இருந்தது. தேங்காய் கனத்தில் பையின் காது நீண்டு தொங்கியதுதான் எனக்கு ஞாபகம். காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கியவர். அந்த நாட்டின் டிவியில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தரையில் வைத்தார். மே 5 அன்று காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக வலதுசாரிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

மேடையில் பேசிய அந்த அண்ணன் அன்று எங்கள் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவர். காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரில் எத்தனை பேர் போட்டோம் என்பது எங்கள் மனசாட்சிக்குத் தெரியும். நம் வீட்டுத் தவறைக் கயானாவில் பிறந்த ஒரு பெண்ணின் தலையில் கட்டக்கூடாது. இதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு மனுஷியின் மொத்தப் பொதுவாழ்வையும் 2.32 என்ற எண்ணுக்குள் அடைக்காதீர்கள்.

யார் அந்த மனுஷி? 1952-ல், தென் அமெரிக்காவில் பிரான்சின் பகுதியான பிரெஞ்சு கயானாவின் கயேன் நகரத்தில் பிறந்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை பார்த்துத் தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தார். இளவயதில் கயானா விடுதலை இயக்கத்தில் இருந்தார். 1993-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, 2012-ல் அமைச்சராகும் வரை அங்கே இருந்தார். 2001-ல் அவர் பெயரிலேயே அழைக்கப்படும் சட்டம் வந்தது. அடிமை வணிகமும் அடிமைமுறையும் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று பிரெஞ்சுக் குடியரசு சட்டமாகவே எழுதி ஒப்புக்கொண்டது.

அந்தச் சட்டத்தின் முதல் பிரிவை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அட்லாண்டிக் வணிகத்தோடு இந்தியப் பெருங்கடல் வணிகத்தையும் அது சொல்கிறது. யாருக்கு எதிரான குற்றம் என்று வரிசையாகச் சொல்கிறது: ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பூர்வகுடிகள், மடகாஸ்கர் மக்கள், இந்தியர். ஆம், இந்தியர். பதினெட்டாம் நூற்றாண்டில் நம் புதுச்சேரிக் கரையிலிருந்து கப்பலேற்றி ரீயூனியனுக்கும் மொரிஷியஸுக்கும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். அவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. அவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம் எழுதப்பட்டது, அண்ணன் 'கறுப்பி' என்று சொன்ன பெண்ணின் முயற்சியில்.

1848-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்களே, அது வேறு கதை, அந்தச் சட்டத்தின் சொல்லுக்குள் நேராக வராது. இரண்டையும் குழப்பவில்லை. ஆனால் கரீபியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றும் நம் ஊர்ப் பெயரோடு, தமிழ் தெரியாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே தோட்டத்தில் உழைத்தவர்களின் பேத்தியை நாம் எந்த வாயால் கேலி செய்கிறோம்?

"சரி, சட்டம் போட்டார், அதற்காக விமர்சிக்கவே கூடாதா?" என்று ஒருவர் வருவார். தாராளமாக விமர்சியுங்கள். 1993-ல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் பலாதூரின் வலதுசாரி அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். அது எனக்கும் பிடிக்கவில்லை. 2022-ல் இடதுசாரிகளுக்குப் பொது ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மக்கள் முதன்மைத் தேர்தல் என்று நடத்தினார்கள், அதில் முதலில் வந்தார். இடதுசாரித் தலைவர் மெலான்ஷோனும் மற்ற வேட்பாளர்களும் அதை ஏற்கவே இல்லை. கடைசியில் வேட்பாளராக நிற்கத் தேவையான, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் 500 கையெழுத்து சேராமல் மார்ச் மாதம் விலகினார். அந்தத் தடவை அவர் இறங்கியிருக்கவே கூடாது, அப்போதே இங்கே எழுதியிருக்கிறேன். இப்படி ஆதாரத்தோடு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். 'கறுப்பி' என்பது விமர்சனம் அல்ல.

இன்னொருவர் "நாமும் கறுப்புதானே, நமக்குள் சகஜமாகச் சொல்வதுதானே" என்று கமெண்டில் எழுதியிருந்தார். அவருக்குத்தான் இந்தப் பகுதி.

2013. தொபிரா நீதித்துறை அமைச்சர். ஒருபாலினத் திருமணச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நின்று நடத்தினார். நூறு மணி நேரத்துக்கு மேல் விவாதம், ஆயிரக்கணக்கில் திருத்தங்கள், நடுராத்திரி வரை அமர்வு. கையில் பெரிதாகக் குறிப்பு இல்லாமல் கவிதை வரிகளைச் சொல்லிப் பதில் கொடுத்தார். ஏப்ரல் 23-ல் 331-க்கு 225 என்று நிறைவேறியது. அந்தச் சட்டத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இல்லை, என் கணவருக்கே அன்று இல்லை. ஆனால் அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? அக்டோபரில் ஆஞ்சே நகரத்துக்குப் போனபோது அவருக்கு எதிராக நின்ற கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் வாழைப்பழத் தோலை ஆட்டி, குரங்கு என்று கத்தினார்கள். நவம்பரில் ஒரு தீவிர வலதுசாரி வார இதழ் அதையே அட்டையில் போட்டது. தன்னைத் திட்டியதைவிட, இந்தச் சமூகம் எங்கே சறுக்கிப் போகிறது என்று எச்சரிக்க உயர்ந்த குரல் ஒன்றும் எழவில்லையே என்பதுதான் தன்னை வியக்க வைப்பதாக அவர் சொன்னார்.

அதே குளிர்காலத்தில் என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கு மாலைச் சிற்றுண்டியாக வாழைப்பழம் கொடுத்து அனுப்புவேன். ஒரு நாள் பை திறந்தால் பழம் அப்படியே கறுத்துப்போய்க் கிடக்கிறது. மறுநாளும் அப்படியே. கேட்டால் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே, தலையைக் குனிந்தபடி, "அம்மா, இனி வாழைப்பழம் வைக்காதே" என்றாள். வகுப்புப் பையன் ஒருவன் டிவியில் பார்த்ததை இவள் முன்னால் செய்து காட்டியிருக்கிறான். ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். "குழந்தைகள் விளையாட்டு, மேடம்" என்றார். அந்த வருடம் பொங்கலுக்குப் படைத்த சீப்பிலிருந்துகூட அவள் ஒரு பழம் எடுக்கவில்லை.

அமைச்சரை நோக்கி வீசிய தோல் என் பிள்ளையின் பையில் வந்து விழுந்தது. அதனால்தான் அந்த வார்த்தையைச் சகஜமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. அவர்கள் பார்வையில் தொபிராவுக்கும் என் மகளுக்கும் வித்தியாசம் கிடையாது. நாம்தான் வித்தியாசம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சிவப்பான பெண் தேடி விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களில் என் சித்தியும் ஒருவர். அவர் சிரித்ததுதான் எனக்கு ரொம்ப வலித்தது, ஏனென்றால் சின்ன வயதில் அவரை வீட்டில் எல்லோரும் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2015 நவம்பர் பாரிஸ் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு ஜனாதிபதி ஒல்லாந்த் ஒரு திட்டம் கொண்டுவந்தார். இங்கேயே பிறந்து பிரெஞ்சுக்காரராக வளர்ந்தவர் பயங்கரவாதக் குற்றத்தில் தண்டனை பெற்றால், இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறிக்கலாம் என்று. "நமக்கென்ன, இந்தியாவில்தான் இரட்டைக் குடியுரிமை கிடையாதே" என்று நம் ஆட்கள் அன்று சொன்னார்கள். நமக்கு நேராகப் பொருந்தாது, உண்மைதான். ஆனால் எதிர் வீட்டு அல்ஜீரியக் குடும்பத்துப் பையனும் என் மகளும் ஒரே பிரசவ வார்டில் பிறந்தவர்கள். குற்றத்துக்குத் தண்டனை கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? பிறப்பால் பிரெஞ்சுக்காரரில் முழுசு, அரைகுறை என்று இரண்டு தட்டு ஏன்? இதை ஏற்க முடியாமல் 2016 ஜனவரி 27-ல் தொபிரா பதவியை விட்டார். சில சமயம் எதிர்த்து நிற்பது என்றால் இருப்பது, சில சமயம் எதிர்த்து நிற்பது என்றால் விலகுவது என்று எழுதிவிட்டு, பாரிஸ் வாந்தோம் சதுக்கத்து நீதி அமைச்சகத்திலிருந்து சைக்கிளில் கிளம்பிப் போனார். இரண்டு மாதத்தில் ஒல்லாந்த் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்.

பதவிக்காக ஓட்டைப் பிரித்தவர் என்று அண்ணன் சொன்னாரே, அந்தப் பெண் செய்தது இது. கொள்கைக்காக அமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்து போனவரைப் பதவி ஆசை பிடித்தவர் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நீளமா, அக்கா?" என்று கேட்பீர்கள். இவ்வளவு நீளம்தான். அண்ணன் நல்லவர், எனக்குத் தெரியும். அப்பா காலமானபோது இரவெல்லாம் கூட இருந்தவர். அதனாலேயே வெளியாள் சொன்னதைப் போல இதைக் கடந்துபோக முடியவில்லை.

அந்த வீடியோவைத் தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். வருடாவருடம் மே 10 அன்று, அந்தச் சட்டம் நிறைவேறிய நாளில், பாரிஸ் லக்சம்பூர் தோட்டத்தில் அடிமைமுறை ஒழிப்பு நினைவு நிகழ்ச்சி நடக்கிறது. இந்த வருடம் மகளோடு அந்தப் பக்கம் போகப் போகிறேன். உங்களையும் கூப்பிடுகிறேன், வாருங்கள் என்று அண்ணனுக்கு நேற்று ராத்திரி செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.