கூலி என்றால் ஆள் அல்ல, ஐயா

சனிக்கிழமை பேச்சுப் போட்டியின் காணொளியைப் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. "என் கொள்ளுத்தாத்தா கூலி வேலைக்கு வந்தவர்" என்று அந்த ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை சொன்னதும், நடுவர் ஐயா ஒலிவாங்கியை வாங்கி, "அது தமிழே இல்லை, வெள்ளைக்காரன் நமக்கு வைத்த வசைச்சொல்" என்று திருத்தினாரே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளை தன் கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைக் கவனித்தீர்களா?

ஐயா, கூலி தமிழ்ச்சொல். 619ஆம் குறள்: "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." வள்ளுவர் எந்தக் கப்பலில் போய் வெள்ளைக்காரனிடம் இதைக் கடன் வாங்கி வந்தார்?

அந்தக் குறளில் கூலி ஆள் இல்லை. உடம்பு நோக உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. வேலை செய்கிறவர் கூலியாள். அவர் வாங்குவது கூலி. லிட்டில் இந்தியா நகைக்கடையில் "செய்கூலி எவ்வளவு?" என்று நீங்களும்தான் பேரம் பேசுகிறீர்கள். அங்கே அது வசையாகக் காதில் விழவில்லையா?

கப்பல் ஏறிய சொற்கள் உருமாறும். பினாங்குக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கடை மலாயில் கெடாய் ஆயிற்று, கோயில் குயில் ஆயிற்று. தினமும் நாம் கடக்கும் கம்போங் கோலம் தெருவின் பெயரில் உள்ள கோலம் நம்முடைய குளம். ஆனால் கூலிக்கு நடந்தது வேறு. காசு வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது, ஆள் மட்டும் கரை சேர்ந்தான். ஆங்கிலத்திலும் மலாயிலும் கூலி என்றால் ஆள்தான். சீனத்தில் இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள்: "கூ" என்றால் கசப்பு, "லீ" என்றால் வலு. எங்கள் சந்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் சீன அம்மா நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அது தமிழ் என்று நான் சொன்னதற்கு, "இல்லை, இது எங்கள் சொல்" என்று சண்டைக்கே வந்துவிட்டார்! அந்நியர் உரிமை கொண்டாடுகிறார். நம் நடுவரோ கைகழுவுகிறார்.

அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். குஜராத்தின் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து வந்ததாக ஒரு கருத்து உண்டு. இருக்கட்டும், இரண்டும் துறைமுகத்தில் கலந்திருக்கலாம். துருக்கி மொழியில் "குல்" என்றால் அடிமை, அதுதான் மூலம் என்பார்கள். 1591இல் ஐதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் பெயரில்கூட அந்தச் சொல் இருக்கிறது. சுல்தான் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவிலும் கயானாவிலும் டிரினிடாட்டிலும் அது கல்லாக எறியப்பட்ட சொல்லாயிற்றே என்று கேட்டால், உண்மைதான். அங்கே ஒருவரை அப்படிக் கூப்பிட நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளை யாரையும் கூப்பிடவில்லையே! தன் கொள்ளுத்தாத்தா எதற்காகக் கடல் தாண்டி வந்தார் என்றுதானே சொன்னாள்? மலாயாவுக்கான ஒப்பந்தத் தொழிலாளர் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அப்படி வந்தவர்களைச் சஞ்சிக்கூலி என்கிறோம். சஞ்சி, மலாயில் "ஜஞ்சி", வாக்குறுதி. வாக்குக் கொடுத்தவனை விட்டுவிட்டு, கூலி கேட்டவனைப் பார்த்து வெட்கப்படுகிறோம்.

என் அம்மா நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர்தான் நிறையும். விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்து வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்தால் "இன்றைக்குக் கூலி இல்லை" என்று மறுபடியும் படுத்துக்கொள்வார், தூங்க மாட்டார். ஒட்டுப்பால் வாடை போகாத அந்த விரல்கள் சம்பள நோட்டுகளை இரண்டு முறை எண்ணும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அரிசி என்று பொருள். வசையாம்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பீர்கள், எனக்குத் தொடர்பு இருக்கிறது. இந்தப் போட்டியை நடத்தியதைப் போன்ற ஓர் அமைப்பின் ஆண்டு மலருக்கு நாற்பது இரவுகள் பிழை திருத்தினேன். காசு என்ற பேச்சை எடுத்தபோது, "தமிழுக்குச் செய்வது சேவை அம்மா, கூலிக்கா செய்கிறோம்?" என்றார் ஒருவர். அச்சகத்துக்கும் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் சேவை போதவில்லை போலும். மேடையில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், என் பெயரையும் பிழையாக வாசித்தார்கள்.

இப்படிச் சேர்ந்த பொன்னாடைகள் ஐந்து, நெகிழி உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கின்றன. வேண்டுகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். வண்டிக்கூலி மட்டும் உங்களுடையது.