ஜூலை 14-க்கு விளக்கு போட்டால் போதுமா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடை போகிறவர்களுக்குப் போர் நினைவுச் சின்னம் தெரியாமல் இருக்காது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து உயிர்விட்ட நம்மூர் ஆட்களுக்காக 1938-இல் எழுப்பியது. வருஷா வருஷம் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 வந்தால் விளக்கு அலங்காரம், மலர்வளையம் எல்லாம் உண்டு. நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் போர் என்றால் படையில் சேர்ந்து செத்தவர்கள் கதை மட்டும்தானா? ஊரில் இருந்தவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று எழுதி வைக்க வேண்டியது யார்? நகராட்சிதான் என்பது என் வாதம். சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வரிசையில் இதுவும் ஒரு பொருளாக மன்றக் கூட்டத்தில் வர வேண்டும்.

1760-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நம் ஊரை அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயப் படை தரையில் வளைத்துவிட்டது. கடலில் அவர்கள் கப்பல்கள். உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. சாப்பாட்டுக்கு வழியில்லை. நவம்பர் கடைசியில் லாலி, சண்டைக்கு உதவாத உள்ளூர் ஜனங்களை வெளியே அனுப்பச் சொன்னார். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஏறக்குறைய 1,400 பேர். மதிலைத் தாண்டிப் போனவர்களை ஆங்கிலேயர் விடவில்லை, திருப்பி விரட்டினார்கள். திரும்பி வந்தால் இந்தப் பக்கம் கதவு அடைத்திருக்கிறது. இரண்டு படைக்கும் நடுவில், வெட்டவெளியில், எட்டு நாள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று கிடந்திருக்கிறார்கள். கடைசியில் கூட் மனசு இரங்கி வழி விட்டார்.

அந்த 1,400 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? லாலி பெயரில் மட்டும் வீதி இருக்கிறது. இந்தியாவைக் கோட்டைவிட்ட குற்றத்துக்கு 1766-இல் அவருடைய சொந்த நாட்டுக்காரர்களே பாரிஸில் தலையை வெட்டினார்கள். (பிறகு அந்தத் தீர்ப்பு சரியில்லை என்று ரத்தானது வேறு கதை.) பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் பெயரிலும் வீதி உண்டு. சண்டை போட்டவர்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை, பட்டினி கிடந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

1761 ஜனவரி 16 அன்று ஊர் விழுந்தது. ஆங்கிலேயர் கோட்டையையும் மதிலையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை இருந்த இடம்தான் நாம் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பாரதி பூங்கா. இரண்டு நாட்டுக்கும் சமாதானம் செய்த பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு 1765-இல் பிரெஞ்சு ஆளுநர் ழான் லா வந்து ஊரைத் திரும்ப வாங்கி, பழைய தெருக்களின் போக்கிலேயே கட்ட ஆரம்பித்தார். யார் மனை எது, தெரு எங்கே தொடங்குகிறது என்ற பஞ்சாயத்து இல்லாமலா அது நடந்திருக்கும்? சுற்றுலா வருகிறவர்கள் வரிசை கட்டிப் படம் எடுக்கும் தெருக்கள் போருக்குப் பிந்தைய நகர வேலையில் எழுந்தவை. இன்றைக்கும் நம் வாயில் வரும் சவுத் புல்வார், வெஸ்ட் புல்வார் என்ற அகலச் சாலைகள் எல்லாம் இடிந்த மதிலின் தடம்தான். இதை ஒரு பலகையில் தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

அந்தக் காலத்தைப் பற்றி இவ்வளவாவது நாம் பேச முடிவதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையும் ஒரு காரணம். 1736 முதல் 1761 ஜனவரி வரை நாட்குறிப்பு எழுதினார். ஊர் விழுவதற்குச் சில நாள் முன்னால் இறந்துபோனார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும் அவர். ஆளுநர் மாளிகைப் பேச்சு, கப்பல் வரத்து, சரக்கு, ஊர் வதந்தி எல்லாம் அதில் இருக்கிறது. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. எழுதியதும் 1846 வரை வீட்டில்தான் கிடந்தது. தனி ஒருவர் தன் இஷ்டத்துக்கு எழுதியது தப்பிப் பிழைத்தது நம் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தையே நம்பி ஒரு ஊர் இருக்கக் கூடாது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்தது. செப்டம்பரில் ஆளுநர் போன்வேன், பிரெஞ்சிந்தியா, ஹிட்லரிடம் பணியாமல் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெகோல் பக்கம் என்று அறிவித்தார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா, வேறு என்ன செய்வார்? 1941-இல் சுங்க ஒப்பந்தம் வந்து நம் எல்லை வணிகமே மாறியது. பிரான்சின் இன்னொரு காலனியான இந்தோசீனாவோ (இன்றைய வியட்நாம் பக்கம்) ஹிட்லருக்குப் பணிந்த பிரெஞ்சு அரசின் கையில், ஜப்பான்காரன் பிடியில். சைகோனில் வேலை பார்த்த புதுச்சேரிக்காரர்கள் எத்தனை பேர்! அங்கிருந்து கடிதம் வராத அந்த வருஷங்களில் இங்கே வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது? இதெல்லாம் எந்தத் தளபதியின் அறிக்கையிலும் இருக்காது. பாட்டிகளின் பேச்சில் இருந்தது. அந்தப் பாட்டிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

போர் முடிந்த பிறகு நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். இந்த ஊர் பிரான்சோடு இருப்பதா, இந்தியாவோடு சேர்வதா என்ற கேள்வியே நகராட்சி மேசையில்தான் வந்து நின்றது. வாக்கெடுப்பு எப்போது, எப்படி என்பதை நகராட்சி மன்றங்களைக் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் கூட்டாக அறிவித்தன. அதனால்தான் அந்த அக்டோபர் நகராட்சித் தேர்தலுக்கு அவ்வளவு அடிதடி. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்களித்த 178 பேர் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன், அதாவது உள்ளாட்சி மன்ற, உறுப்பினர்களும்தான். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நாடே கைமாறும் தீர்மானத்தில் ஓட்டுப் போட்டவர்கள் தெருக்குழாய்க்கும் தீர்மானம் போட்ட உறுப்பினர்கள்! அந்தக் காலத்துக் கூட்டக் குறிப்புகளை ஒழுங்காகத் தொகுத்துத் தமிழில் போட்டாலே பாதி வரலாறு வந்துவிடும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தார்ப்பாயின் மேல் பழைய சார்ஜர், உடைந்த கடிகாரம், பிரெஞ்சு நாணயங்களுக்கு நடுவே ஒரு சொல்தாவின் (பிரெஞ்சுப் படையில் இருந்த நம்மூர்ச் சிப்பாயின்) பென்ஷன் புத்தகம் கிடந்தது. அட்டை கிழிந்து, ஓரத்தில் நூல் பிரிந்து, உள்ளே ஊதா மையில் முத்திரை மேல் முத்திரை. ஒரு பக்கத்தில் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. "எந்த வீட்டுதுண்ணே?" என்று கேட்டேன். "எடைக்கு வந்தது சார்" என்றார். எத்தனை கடல் தாண்டி எந்தப் போருக்குப் போய் வந்தவரோ, கிலோ கணக்கில் முடிந்துவிட்டார்.

"குப்பை அள்ளவே ஆளில்லை, இதில் வரலாறா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் அருங்காட்சியகம் கட்டச் சொல்லவில்லை. கட்டடம் என்றால் டெண்டர், டெண்டர் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஸ்கேனர், பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒருவர், பெரியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச்சைப் பதிவு செய்ய இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். வீட்டுக்காரர் தாளை ஸ்கேன் எடுத்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். தாளை வாங்கிக்கொண்டு போனால் ஜனங்கள் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. இதைக் கடலூர் மாநகராட்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1758-இல் இதே லாலி பிடித்து இடித்த கோட்டை தேவனாம்பட்டினத்தில்தான் இருந்தது. 1783-இல் மைசூர்ப் படையும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், ஆங்கிலேயர் மறுபக்கம் என்று மோதியதும் கடலூரில்தான். சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சரி, யாரிடம் கேட்பது என்றால் அங்கேதான் சிக்கல். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை, அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி (பழைய நகராட்சி அலுவலகம்) கட்டடத்தை உலக வங்கிக் கடனில் பழைய மாதிரியே கட்டி 2021-இல் திறந்தும் விட்டார்கள். கட்டடம் வந்தது, உள்ளே உட்கார மன்றம் வரவில்லை.

தேர்தல் வரட்டும் என்று காத்திருந்தால் மிச்சமிருக்கும் பெரியவர்களும் இருக்க மாட்டார்கள். புதுச்சேரி, உழவர்கரை இரண்டு நகராட்சி ஆணையர்களும் இதை இப்போதே தொடங்கலாம். மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். வீட்டுப் பரணில் பழைய பிரெஞ்சுத் தாள், பென்ஷன் புத்தகம், சைகோன் கடிதம் எது இருந்தாலும் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.