நம் காட்டு நெல்லையும் சேர்த்திருக்கலாம்

பயிர் நெல்லைக் காட்டு நெல்லோடு கலந்து புது நெல் இனங்கள் உருவாக்குவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் இலங்கை பற்றி ஒரு வரிகூட இல்லையே! 1970களில் கபில நிறத் தத்தி பரப்பிய வைரஸ் ஆசிய வயல்களை அழித்தபோது, ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தும் எதிர்ப்புச் சக்தி கிடைத்தது உத்தரப் பிரதேசத்தின் ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லில்தான். அந்த எதிர்ப்பைச் சேர்த்துத்தான் பிறகு ஐஆர்36 என்ற பயிர் நெல் இனம் வந்தது. அந்த நிவாரா இங்கே இலங்கையிலும் வளர்கிறது. அப்புறம் ஒரைசா ரைசோமாட்டிஸ் என்ற இன்னொரு காட்டு நெல், அது உலகத்திலேயே இலங்கையில் மட்டும். பயிர் நெல்லோடு அதைக் கலப்பது லேசில்லை, மரபணுத் தொகுதியே வேறு; கலப்பில் உண்டாகும் கருவை ஆய்வுகூடத்தில் காப்பாற்றி வளர்க்க வேண்டும். சரி, அதற்குக் காலம் எடுக்கட்டும். கொழும்பில் சம்பா அரிசியா நாட்டரிசியா என்று விலை பார்க்கும் நாங்கள், இந்தச் செடி வளரும் வறண்ட வலயப் பற்றைகளை அழிக்க விடாமலாவது கேள்வி கேட்கலாமே? விதை வங்கி மட்டும் போதாது.